உன் அப்பா மணலில் விட்டுப்போன கான்

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கைபிடி. படம் எடுக்க வந்த நெறியாளர் அக்கா எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தபடி தன் கைபேசியை என் பக்கம் நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்கோ தங்கச்சி, பயப்படாதேங்கோ" என்றார். திரையில், கடல் நடுவே ஒரு மணல் தீடை. இந்தியக் கரை மீனவர் ஒருவர் தன் படகில் நின்றபடி எடுத்த காட்சி அது. ஒரு தாயும் தகப்பனும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு மணலில் இருந்தார்கள். அவர்களுடைய சின்ன மகள் தாயின் மடியில் வாய் திறந்தபடி கிடந்தாள். பார்க்கிற எவரும் அந்தப் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். நானும் அவளைப் பார்க்கத்தான் குனிந்தேன். ஆனால் அவள் காலடியில் ஒரு வெள்ளைத் தண்ணீர்க் கான் சரிந்து கிடந்தது. அதன் கைபிடியில் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி சுற்றியிருந்தது. அது என் பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி.

மகன், நீ இப்போது பாயில் குப்புறக் கிடந்து, தலையைத் தூக்கித் தூக்கி விழுத்திக்கொண்டிருக்கிறாய். இதை வாசிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். அதற்குள் யாராவது ஒருவன் பள்ளிக்கூட மதிலோரம் உன்னைக் கூப்பிட்டு, கைபேசியில் இவர்கள் எடுக்கிற படத்தைப் போட்டு, "இஞ்ச பாரடா, உன்ர அப்பன்" என்று காட்டியிருப்பான். உண்மைக் கதை என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுத்து வரும் என்று அக்கா சொன்னார். நீ அதை நம்பிவிடுவாய் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். எனக்குப் பேச வராது. பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், வெளியாட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். நாலு பேருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லவே நாக்குப் புரளாது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் இதுவாவது வருகிறது. எனக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆனால் உனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

உன் அப்பாவை எல்லோரும் றெஜி என்று கூப்பிடுவார்கள். ஓலைத்தொடுவாயில் பிறந்து, நடக்கத் தொடங்கியபோதே கடலில் கால் வைத்தவர். நாங்கள் கலியாணம் கட்டிய முதல் மாதம், அவருடைய தண்ணீர்க் கானின் கைபிடி உடைந்து, தூக்கும்போதெல்லாம் உள்ளங்கையை வெட்டியது. அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த என் கழுத்துப்பட்டியை எடுத்துப் பாதியாக வெட்டி, அகலமான பாதியைக் கைபிடியில் இறுக்கிச் சுற்றித் தைத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வாங்கியவர் துணியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தோளில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய், அங்கே நின்றவர்களிடம், "தள்ளி நில்லுங்கோடா, இது பத்தாம் ஆண்டு படிச்ச கான். உங்களை விடப் படிப்புக் கூட" என்றாராம். நான் படிப்பை விட்டதை வைத்து எல்லோரும் என்னை ஒரு பாவம் மாதிரிப் பார்த்த இடத்தில், அதை ஒரு சிரிப்பாக மாற்றியவர் அவர் ஒருவர்தான். பிறகு கரையில் எல்லோரும் அந்தக் கானை, பள்ளிக்கூட வாத்தியாரம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி "ரீச்சர்" என்றே கூப்பிட்டார்கள். "றெஜி, ரீச்சரை ஏத்தினியே?" என்று கேட்டுவிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள்.

அந்தக் கான் இல்லாமல் இந்த வீட்டில் எவரும் கடலுக்குப் போனதில்லை. மாமியுடைய சட்டம் அது. நான் மாமி என்று எழுதுவது உன் அப்பாவின் அம்மாவை. மாமியின் தம்பி ஒரு முறை எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டு, ஊரில் செத்தவர் பூசைக்கு ஆயத்தம் செய்த பிறகு உயிரோடு வந்து சேர்ந்தவர். படகில் ஒரு கான் தண்ணீர் இருந்ததால் வந்தார். அன்றிலிருந்து இந்த வீட்டில் கானை நிரப்புவது பெண்களின் வேலை. நிரப்பி, மூடியை இறுக்கி, மூடியின் மேல் விரலால் சிலுவை போட்டு, போகிறவரின் கையில் கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் மிச்சத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்ற வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு மாமி அந்த வேலையை என்னிடம் தந்தார். வேறு எதையும் அவர் அவ்வளவு இலேசாக எனக்கு விட்டுத் தரவில்லை.

நீ என் வயிற்றில் இருந்தபோது மீன்பாடு இல்லை, படகுக்கு எண்ணெய் வாங்க வழியில்லை. இங்கே வாழ முடியாமல் அக்கரைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு உன் அப்பா போனார். இதை உனக்கு மறைக்க மாட்டேன். படகோட்டிகள் யாரும் ஆட்களை இந்தியக் கரை வரை கொண்டுபோவதில்லை. போனால் படகோடு பிடிபடுவார்கள். இடையில் உள்ள மணல் தீடை ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். விடிந்ததும் அந்தப் பக்கத்து மீனவரோ காவல் படகோ கண்டு ஏற்றிக்கொள்ளும். இறங்கப் பயப்படுகிறவர்களிடம் "இதுதான் இந்தியா, இறங்குங்கோ" என்று சொல்வதும் வழக்கம்தான். அவரும் அப்படித்தான் சொன்னார், அந்தக் குடும்பத்தை அப்படித்தான் இறக்கினார். சின்னப் பிள்ளையோடு மணலில் விடப்பட்டவர்கள் அதை எப்படி மன்னிப்பார்கள்? நான் அவர்களுடைய இடத்தில் இருந்தாலும் மன்னிக்க மாட்டேன். நல்ல மனிதர் என்றால் ஒரு பிழையும் செய்யாதவர் என்று நினைத்து வளராதே. அப்படி நினைத்தால் உன் அப்பாவை நீ வெறுக்க வேண்டி வரும், பிறகு ஒரு நாள் உன்னையும்.

போன அன்று பொழுது சாயும் நேரம். கானை அவர் கையில் கொடுத்தபோது என் வயிற்றைக் காட்டி, "உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கும் ஒரு வாய் மிச்சம் கொண்டுவாறன்" என்றார். "கெதியா வாங்கோ" என்றேன். "விடியேக்க வந்திடுவன். முருங்கையிட்டச் சொல்லி வை, தண்ணி வருது எண்டு." அவ்வளவுதான் நாங்கள் பேசியது. விடியற்காலை காற்று எழும்பியது. சோளகக் காற்று அந்த முறை வேளைக்கே வந்துவிட்டது. அவர் வரவில்லை. நேவி தேடியது, ஊர்ப் படகுகள் தேடின, ஒரு பலகை கூடக் கிடைக்கவில்லை.

அந்தக் குடும்பம் வெயிலில் கிடந்து வாடிய பிறகுதான் காப்பாற்றப்பட்டது. அந்தக் காட்சி எல்லோருடைய கைபேசியிலும் ஓடியது. வயிற்றுப் பிள்ளைக்காரி பார்க்கக்கூடாது என்று எனக்கு மட்டும் யாரும் காட்டவில்லை. அந்தத் தாய் அக்கரையில் இருந்து சொன்ன கதைதான் இப்போது படமாகிறது. இந்தியா என்று பொய் சொல்லி இறக்கினான், திரும்பிப் பார்க்காமல் போனான் என்றார் அவர். ஊர் மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டது. றெஜி திரும்பி வரவே இல்லை, அப்படியே இந்தியாவுக்குப் போய்விட்டான், அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்றார்கள். மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி எனக்குக் கேட்க வேண்டும் என்றே மற்றவளிடம், "அங்கால ரேசன் காட்டும் எடுத்திட்டானாம், இனி இஞ்ச என்னத்துக்கு வாறான்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். மாமியிடம் சொன்னால் அவள் வீட்டு வாசலில் போய்ச் சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். மாமி கேட்டுவிட்டு, "சொல்லட்டும் பிள்ளை, சொல்லட்டும்" என்றார். முகத்தில் கோபமே இல்லை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

பங்குச் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து, அவருடைய ஆன்மாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னபோது, "உயிரோட இருக்கிறவனுக்கு என்ன பூசை, சாமி?" என்று மாமி கேட்டார். உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் விடவில்லை. தகப்பன் வந்து தூக்கிப் பிடிக்க வேண்டுமாம். அதனால்தான் நீ இன்னும் பெயர் வைக்காத ஆளாகக் கிடக்கிறாய். நானும் உன்னை "மகன்" என்று மட்டும் கூப்பிடுகிறேன்.

இந்த நிலையில்தான் படக்காரர்கள் வந்தார்கள். பெரிய கூட்டமில்லை, சின்னக் குழு. உன் அப்பாவாக நடிக்கிறவர் ஒரு மெலிந்த பெடியன். உன் அப்பா எப்படி நடப்பார், எப்படிச் சாப்பிடுவார், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டுப் பழக வந்திருந்தார். நான் குசினிக் கதவோடு நின்றேன். மாமிதான் எல்லாம் சொன்னார். "இப்பிடி நெஞ்சை நிமித்தி நடக்காத தம்பி, அவன் என்ன பொலிசே? வள்ளம் தள்ளித் தள்ளி ஒரு பக்கம் சரிஞ்ச நடை. நண்டு நடக்கிற மாதிரி." அவர் முற்றத்தில் நடந்து காட்டினார். "இது நண்டில்ல, குளத்துத் தாரா" என்றார் மாமி. அவர் மறுபடியும் நடந்தார். வேலியோரமாகத் திரும்பியபோது, ஒரு கணம், அந்தத் தோள் சரிவு அப்படியே உன் அப்பாவுடையதாக இருந்தது. மாமி சிரித்தார். உன் அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். பிறகு அவரை இருத்திச் சோறு போட்டார்.

சாப்பிடும்போது மாமி கேட்டார்: "கடைசியில அவன் என்ன ஆகிறான் தம்பி?"

"தப்பிப் போறான் அம்மா. வில்லன்தானே. இந்தியாவில ஒரு ரோட்டில சைக்கிள்ள போறான், அதோட படம் முடியுது."

"உயிரோட?"

"ஓம் அம்மா, உயிரோட."

மாமி எழும்பிக் குசினிக்குள் வந்தார். சட்டியில் எனக்கென்று வைத்திருந்த மீன் தலையை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெடியனின் சோற்றுக் கோப்பையில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் நெறியாளர் அக்கா என்னைக் கூப்பிட்டு, அந்தக் காட்சியைக் காட்டினார். உன் அப்பா அன்று போட்டிருந்த சேட் என்ன நிறம் என்று கேட்பதற்காகத் தொடங்கினார். நான் கைபிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கெட்டவர் இல்லை மகன், என் தோளைத் தொட்டுத்தான் பேசினார். அடுத்த நாள் கீரிக் கடற்கரையைத் தீடையாக வைத்து முக்கியமான காட்சி எடுக்கப் போகிறார்களாம். "படகுக்காரன் அந்தப் பிள்ளையின்ர கையில இருந்து தண்ணிக் கானைப் பறிச்சுக்கொண்டு போறான். அந்தத் தாய் அப்பிடிச் சொல்லேல்லைத்தான், நாங்கள் சேர்த்தது. ஆளின்ர கொடுமை கண்ணுக்குத் தெரிய வேணும், அதுக்குத்தான்" என்றார். என் வாய் திறந்தது. திறந்ததை அக்காவும் கண்டார். "என்ன தங்கச்சி, சொல்லுங்கோ" என்று காத்திருந்தார். "சேட் நீலம்" என்றேன்.

பறிக்கவில்லை. விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பிள்ளையைப் பார்த்திருப்பார், என் வயிறு ஞாபகம் வந்திருக்கும், விடிவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம், தனக்கு எதற்கு என்று நினைத்திருப்பார். கடலில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் இப்படி நம்புவார்கள், கரை பக்கத்தில்தானே என்று. அதை இறக்கி வைத்துவிட்டு வெறும் படகோடு காற்றுக்குள் திரும்பியிருக்கிறார். இது விளங்கிய அந்த நிமிடமே மற்றதும் விளங்கியது. அவர் இந்தியாவுக்குப் போகவில்லை. சைக்கிளும் இல்லை, ரேசன் காட்டும் இல்லை, அங்கே ஒருத்தியும் இல்லை. காற்றில் இழுபட்ட ஒரு படகு, அதில் தண்ணீர் இல்லாத ஒரு மனிதர். மாமியின் தம்பியைத் திருப்பிக் கொண்டுவந்த தண்ணீர் மணலில் இருந்தது.

படக்காரர்கள் போன பிறகு மாமி கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "மாமி, அந்தப் போன் படத்தில எங்கட கான் கிடக்குது. ரீச்சர்." மாமி நிமிரவில்லை. சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார்.

"அது ஓடின முதல் நாளே கண்டனான்" என்றார்.

"ஏன் மாமி சொல்லேல்லை?"

"சொல்லி? அவன் நல்லவன் எண்டு ஊருக்குக் காட்டவோ? நல்லவன் எண்டா அவன் கடலுக்கை கிடக்கிறான். கள்ளன், பொய்யன், பொம்பிளைக் கள்ளன் எண்டு சொல்லட்டும் பிள்ளை. அப்பிடியானவன் எண்டா எங்கேயோ இருக்கிறான். ஒரு நாளைக்கு வெட்கங்கெட்டு வாசலில வந்து நிப்பான். எனக்கு அது காணும்." சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "நீ சின்னப் பிள்ளை. உனக்கும் அது காணும்."

மகன், அது எனக்கும் காணும், அவ்வளவே போதும் என்று நானும் நினைத்துப் பார்த்தேன். பொய்யில்லை. அவர் ஒரு ஊரில் ஒருத்தியோடு சோறு தின்றுகொண்டிருக்கட்டும், என்னை மறந்திருக்கட்டும், மூச்சு மட்டும் இருக்கட்டும் என்று உன் தலையை மோந்தபடி மன்றாடினேன். பிறகு கோபம் வந்தது. உன் அப்பாவைப் போல இரு என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தண்ணீரை நான் யாருக்காக நிரப்பினேன்? முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கா? திரும்பி வர வேண்டியவருக்கு, உனக்கு. அதைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு என்ன உரிமை? இந்தக் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் அந்தச் சின்ன மகள் உயிரோடு இருக்கிறாள். அக்கரையில் பள்ளிக்கூடம் போகிறாளாம். அவள் தொண்டையில் இறங்கியது என் கையால் நிரப்பிய தண்ணீர். நான் எத்தனை தரம் கோபப்பட்டாலும் கடைசியில் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ பெரியவனானதும் யாருக்கு எதைக் கொடுப்பாய், எதை உனக்கென்று வைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாது. கொடுப்பதென்றால், உனக்காகக் காத்திருக்கிறவளை ஒரு நிமிடம் நினைத்துவிட்டுக் கொடு. அதற்கு மேல் உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தேன். கழுத்துப்பட்டியின் மற்றப் பாதி, ஒடுங்கிய பாதி, அங்கேதான் கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினேன். மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். என் கையைப் பார்த்தார்.

"கீரிக்கோ?"

"ஓம் மாமி."

"போ. போனா, வரேக்க அவனைச் சாகடிச்சிட்டுத்தான் வருவாய்."

நான் நின்றேன். நீ மாமியின் சங்கிலியைப் பிடித்து இழுத்தாய். மாமி உன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார், விடுவித்த கையை ஒரு முறை தன் கன்னத்தில் வைத்தார். பிறகு சுவரோடு விலகி நின்றார். அது சம்மதமா, களைப்பா என்று எனக்குத் தெரியாது.

கீரியில் வெயில் ஏறியிருந்தது. மணலில் தாயாக நடிக்கிற அக்காவும் தகப்பனாக நடிக்கிறவரும் இருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை தண்ணீர்க் கானைக் கட்டிப்பிடித்தபடி நடுவில் இருந்தாள். புத்தம் புதிய வெள்ளைக் கான். உன் அப்பாவாக நடிக்கிறவர் நீலச் சேட்டோடு, ஒரு பக்கம் சரிந்த நடையில் வந்து, அதைப் பறித்துப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார். பறிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை சிரித்தாள். "சிரிக்கக்கூடாது செல்லம்" என்றார் நெறியாளர் அக்கா. அதற்குள் என்னைக் கண்டுவிட்டார். எல்லோரும் திரும்பினார்கள். பேசுவதற்கென்று வழி முழுவதும் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்று கூட இல்லை.

நான் நேரே நடந்துபோய், உன் அப்பாவாக நடிக்கிறவர் கையிலிருந்த கானுக்குக் கை நீட்டினேன். உன்னைப் பிடிக்க ஆள் இல்லை. அவர் கானைத் தந்துவிட்டு உன்னை வாங்கிக்கொண்டார். நான் மணலில் குந்தியிருந்து, கழுத்துப்பட்டியைக் கைபிடியில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நிழலில் வைத்திருந்த பெரிய கலனிலிருந்து தண்ணீர் பிடித்து, கானை வாய் வரை நிரப்பினேன். மூடியை இறுக்கி, மூடியின் மேல் விரலால் சிலுவை போட்டேன். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பிள்ளையின் காலடியில் மணலில் வைத்தேன்.